பத்துக்கட்டை

மூலைக்கு மூலை சுவரை அளக்கும்போது டேப் கடைசி மூலையில் வளையும். வளைந்த இடத்தில் எண்ணைச் சரியாகப் படிக்க முடியாது. அதற்காக என் கணவர் சட்டைப்பையில் ஒரு மரத்துண்டு வைத்திருப்பார். சரியாகப் பத்து சென்டிமீட்டர். அதைக் கடைசி மூலையில் நிறுத்தி, அதன் முகம் வரைக்கும் அளப்பார். வந்த எண்ணை உரக்கச் சொல்வார். நான் பத்தைக் கூட்டி எழுதுவேன்.

அதற்குப் பெயர் பத்துக்கட்டை. பத்தொன்பது வருடமாக ஒரே கட்டை. சொல்வது அவர், கூட்டுவது நான். எங்கள் பட்டறையில் வாயால் சொன்ன எண் பச்சை, தாளில் எழுதிய எண் வெந்தது. இதை யாரும் விதியாக வைக்கவில்லை. அப்படி ஆகிவிட்டது.

நாங்கள் கடைகளுக்கு உள்வேலை செய்கிறவர்கள். ரேக், கவுண்டர், கண்ணாடிப் பெட்டி. காலிக் கூடத்தின் சாவியைக் கொடுத்தால் கடையாகத் திருப்பித் தருவோம். அளப்பது கணவர். அளவை வாங்கி, எந்தப் பலகையை எந்த அளவில் அறுப்பது என்று பட்டியல் போடுவது நான். அறுப்பதும் பொருத்துவதும் என் தம்பியும் அவரும்.

போன வருடம் நான்கு கடைகளை அமைத்தோம். ஒன்பது கடைகளைப் பிரித்தோம். துணி, செருப்பு, நோட்டுப் புத்தகம், பொம்மை. வாங்குகிறவர்கள் போனில் வாங்குகிறார்கள். புதிதாகத் திறப்பவை மருந்துக்கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, ரத்தப் பரிசோதனை நிலையம். உடனே வேண்டியதும், உடம்போடு வைத்துப் பார்க்க வேண்டியதும் மட்டுமே தெருவில் நிற்கின்றன. அதிலும் பாதிப் பேர் அட்டைப்பெட்டியில் வரும் இரும்பு ரேக்கை வாங்கி, பெட்டிக்குள்ளேயே இருக்கும் சாவியால் தாங்களே முறுக்கிக்கொள்கிறார்கள்.

பட்டறைப் பெயர்ப்பலகையில் ‘கடை பிரித்துத் தரப்படும்’ என்று மாற்றி எழுதிவிடலாம் என்றார் என் கணவர். தம்பி கேட்டுக்கொண்டே ஸ்க்ரூக்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

“கல்யாணத் தரகரும் நாமதான், விவாகரத்து வக்கீலும் நாமதான் மாமா. ரெண்டையும் போட்டுருங்க.”

அவன் சிரித்தான். ஆனால் அவன் சட்டைப்பையிலும் ஒரு கடிதம் இருந்தது. பொருள்களை வீடுகளுக்கு அனுப்பும் ஒரு பெரிய கிடங்கில் மேற்பார்வையாளர் வேலை. சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவனுக்கு இரண்டு குழந்தைகள். அவன் போய்விட்டால் பட்டறை நடக்காது. என் கணவருக்கு இடது தோள் முன்போல இல்லை. எட்டடிப் பலகையை இயந்திரத்தில் தள்ள இரண்டு ஆள் வேண்டும். எனக்கு எடை தூக்கும் உடம்பு இல்லை. புது ஆள் தேடுகிற வயதும் எங்களுக்கு இல்லை. இதெல்லாம் மூவருக்கும் தெரியும். அவனிடம் இரு என்று நாங்கள் சொல்லவில்லை. போகிறேன் என்று அவனும் சொல்லவில்லை.

அப்போது கையிலிருந்த மருந்துக்கடை வேலையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றான், அவ்வளவுதான்.

அந்த வேலையைக் கொடுத்த அம்மாவுக்கு ஏற்கெனவே மூன்று மருந்துக்கடைகள். இது நாலாவது. இது பிடித்தால் பழைய மூன்றையும் எங்களிடமே மாற்றக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். மூன்று கடை என்றால் ஒரு வருட வேலை. எங்களுக்குள் அவர் பெயர் மருந்தம்மா.

அளவெடுக்க வேண்டிய வாரத்தில் நான் மருத்துவமனையில் படுத்திருந்தேன். பித்தப்பையில் கல். எடுத்துவிட்டார்கள். என் கணவர் காலையில் தனியாகப் போய் அளந்துவிட்டு, மத்தியானம் என் கட்டிலுக்கு வந்தார். பார்வையாளர் சீட்டின் பின்புறம் எண்களை எழுதி வைத்திருந்தார். நான் கண்ணைத் திறந்ததும் சீட்டைத் தலையணைக்குக் கீழே ஒளித்தார்.

“அப்புறம் பாத்துக்கலாம். தூங்கு.”

நான்தான் கேட்டு வாங்கினேன். மயக்கம் தெளிந்து படுத்துக் கிடப்பதற்கு ஒரு வேலை இருந்தால் தேவலை என்று தோன்றியது. அவர் கையெழுத்தில் எண்களைப் பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. பத்தொன்பது வருடமும் அவர் எண்களைக் காதால்தான் கேட்டிருக்கிறேன். குண்டு குண்டாக, அடிக்கோடு போட்டு, பள்ளிப் பிள்ளையைப் போல எழுதியிருந்தார். நீளச்சுவர் 450. கவுண்டர் 210.

அதைப் பார்த்துக்கொண்டே பட்டியல் போட்டேன். ஆறு ரேக், ஒவ்வொன்றும் எழுபத்தைந்து. கணக்கு மிச்சமில்லாமல் வந்தது. சந்தோஷமாக இருந்தது.

அந்த நானூற்றைம்பது, ரேக்குகளைக் கடையில் பொருத்தும் நாளில்தான் பல்லைக் காட்டியது.

செவ்வாய்க்கிழமை காலை. திறப்பு வெள்ளிக்கிழமை. வயிற்றில் பட்டை கட்டிக்கொண்டு நானும் போயிருந்தேன். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து கதவுப் பிடிகளைப் பிரித்துக் கொடுப்பது என் வேலை. உள்மூலையிலிருந்து ஒவ்வொரு ரேக்காக நிறுத்திக்கொண்டு வந்தார்கள். எல்லாம் இளம்பச்சை மைக்கா. மருந்தம்மா ஆசைப்பட்டுத் தேர்ந்த நிறம். மைக்கா கடையில் அந்த நிறத்தில் கடைசியாக இருந்த பலகைகளை மொத்தமாக எடுத்தோம். மிச்சம் கைக்குட்டை அளவுகூட இல்லை.

ஆறாவது ரேக்கை நிறுத்திவிட்டுத் தம்பி பின்னால் வந்தான். பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

“மாமா, ராத்திரி சுவர் நகர்ந்துருச்சா?”

கடைசி ரேக்குக்கும் சுவருக்கும் நடுவில் இடைவெளி. ஒரு பூனை உட்காரலாம்.

என் கணவர் சட்டைப்பையிலிருந்து பத்துக்கட்டையை எடுத்தார். இடைவெளியில் வைத்தார். கட்டை இறுக்கமாக உள்ளே போய் நின்றது. மூன்று பேருக்கும் அந்த நொடியிலேயே புரிந்துவிட்டது.

அவர் கேட்டார், நீ பத்தைக் கூட்டலையா என்று. எழுதியிருந்ததால் நீங்களே கூட்டிவிட்டீர்கள் என்று நினைத்தேன் என்றேன். கூட்டுவது நீதானே, அதனால் அப்படியே எழுதினேன் என்றார். அவர் வாயால் சொல்லும் எண்ணைத் தாளில் எழுதியிருக்கிறார். நான் தாளில் இருந்ததை வெந்த எண்ணாக எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகு ஒரு சண்டை நடந்தது. தப்பு என்மேல்தான் என்றார் அவர். கேட்காமல் விட்டது நான், தப்பு என்னுடையது என்றேன் நான். ஆபரேஷன் ஆன ஆளிடம் தாளைக் கொடுத்தது யார் என்றார். பிடுங்கி வாங்கியது யார் என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே போன ஒருவர் நின்று பார்த்தார்.

தம்பி கதவைச் சாத்தினான்.

“அக்கா, இந்தச் சண்டைய வெளிய சொல்லாதீங்க. ஒருத்தரும் நம்ப மாட்டாங்க.”

கவுண்டரிலும் பத்து குறைவு. அது யாருக்கும் தெரியாது, நடக்கிற வழி கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். சுவர் அப்படியில்லை. ரேக்குகளை ஒரு பக்கம் தள்ளினால் இடைவெளி தெருவைப் பார்க்கும், மறுபக்கம் தள்ளினால் மருந்தம்மா உட்காரப்போகும் நாற்காலியைப் பார்க்கும். அட்டைப்பெட்டி ரேக்குக்காரர்கள் இந்த மாதிரி இடத்தில் ஒரு பட்டையைச் செருகி மூடுவார்கள். அளவெடுத்துச் செய்கிறோம் என்று சொல்லித்தான் நாங்கள் வேலை வாங்குகிறோம். பட்டை அடைப்பது எங்களுக்கு அவமானம். அடைத்தாலும் அந்தப் பச்சை கிடைக்காது. வெள்ளைப் பட்டை வைத்துப் பார்த்தோம். காயத்துக்குக் கட்டுப் போட்ட மாதிரி இருந்தது.

என் கணவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். தம்பி ஸ்க்ரூடிரைவரைத் துடைத்துக்கொண்டிருந்தான். சனிக்கிழமை பற்றித்தான் நினைக்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. நினைக்கக்கூடாது என்று பாடுபடுகிறான் என்பதும் தெரிந்தது.

மருந்தம்மாவிடம் நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். என் கணவர் வேண்டாம் என்றார். முதலில் ஏதாவது வழி கண்டுபிடிப்போம், பிறகு சொல்வோம் என்றார். வழியோடு போனால் அது விற்பனை, தப்போடு போனால்தான் சொல்வது என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வயிற்றில் தையல் இருக்கும்போது ஆள் சுருக்கமாகப் பேசுகிறார் போலிருக்கிறது.

மருந்தம்மாவின் இரண்டாவது கடை பக்கத்துத் தெருவில். மெதுவாக நடந்தேன். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். முழுவதையும் சொன்னேன். கட்டை, சொல்லும் எண், எழுதும் எண், மருத்துவமனைச் சீட்டு. ஒன்றையும் விடவில்லை. ஒரு மாத்திரை அட்டையைக் கத்தரித்துக்கொண்டே கேட்டார்.

“அப்ப நீங்க புருஷன் பொண்டாட்டி ஒருத்தரை ஒருத்தர் நம்பினதுக்கு என் சுவர்ல ஓட்டையா?”

ஆமாம் என்றேன்.

“நல்லவேளை, நம்பாத குடும்பத்துகிட்ட கொடுக்கல. சுவரே இருந்திருக்காது.”

சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வருவேன், ஓட்டை என் கண்ணில் படக்கூடாது என்றார். பட்டால் மற்ற மூன்று கடையைப் பற்றிப் பேச்சில்லை. பிறகு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளி, ஆபரேஷன் ஆகி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்டார். பதினொன்று என்றதும் தண்ணீர் கொடுத்து, ஆட்டோ வரும்வரை உட்காரவைத்தார்.

ஆட்டோ பட்டறை வாசலில் நின்றது. உள்ளே இருட்டுப் பக்கத்தில் நாங்கள் பிரித்துக் கொண்டுவந்த கடைகள் எல்லாம் நிற்கும். செருப்புக்கடையின் கால்வைக்கும் பலகை, பொம்மைக்கடையின் வட்ட மேடை. எல்லாவற்றிலும் எந்தக் கடை என்று எழுதிய துண்டுச்சீட்டு. எங்கள் வேலையில் பசை கிடையாது. தொடங்கிய காலத்தில் பசை காயும்வரை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் வாங்க வசதியில்லை. எல்லாவற்றையும் ஸ்க்ரூவிலேயே நிறுத்தினோம். பிறகு வசதி வந்தும் பழக்கம் போகவில்லை. அதனால் எங்கள் கடைகள் உடையாமல் பிரிந்து வரும்.

கடைசியாக வந்தது துணிக்கடைக் கவுண்டர். போன மாதம் பிரித்தது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் நாங்கள் செய்த முதல் கவுண்டரும் அதுதான். அன்று எங்களிடம் காட்டுவதற்கு ஒரு கடைகூட இல்லை. துணிக்கடைக்காரரும் எதையும் காட்டச் சொல்லவில்லை. துணியைப் பார்க்கும்போது பெண்கள் கையிலிருக்கும் பையை எங்கே வைப்பார்கள் என்று நான் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, நாளைக்கே வேலையை ஆரம்பியுங்கள் என்றார். அந்தக் கடையைக் காட்டித்தான் அடுத்த மூன்று கடைகளை வாங்கினோம். போன மாதம் பிரித்து முடித்ததும் கவுண்டரை என்ன செய்ய என்று கேட்டோம். எடுத்துக்கொண்டு போங்கள், எரிக்க மட்டும் வேண்டாம் என்றார்.

கவுண்டரின் ஓரத்தில் இரண்டு பித்தளை அளவுகோல்கள் பதித்திருந்தன. துணி அளக்க. விற்பவர்கள் இரண்டு பேர், ஆளுக்கு ஒரு மீட்டர். கோடுகள் தேயவில்லை. பித்தளை மட்டும் நடுவில் கொஞ்சம் வெளுத்திருந்தது.

நான் நின்று பார்த்தேன். மருந்துக்கடைக்கு வரும் குழந்தைகளை எடை பார்ப்பார்கள். உயரமும் பார்ப்பார்கள். சுவரில் ஒட்டிய காகிதத்தில்.

கணவருக்கும் தம்பிக்கும் போன் செய்தேன். வந்தார்கள். கவுண்டரின் மேல்பலகை இரண்டரை மீட்டர் நீளம், நல்ல மரம். அதிலிருந்து பத்து சென்டிமீட்டர் அகலத்தில் நெடுக ஒரு பலகை அறுக்கலாம். பித்தளைகளைக் கழற்றி ஒன்றின் மேல் ஒன்றாகப் பதிக்கலாம். செங்குத்தாக நிறுத்தினால் இரண்டு மீட்டர் வரை அளக்கும். தெருவைப் பார்க்கிற இடைவெளியில்.

தம்பி தாடையைச் சொறிந்தான். மேல் அளவுகோலில் எண் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குமே என்றான்.

“நூறைக் கூட்டிக்கணும்” என்றார் என் கணவர்.

“இன்னும் கூட்டலா” என்றான் தம்பி.

அறுப்பதற்கு முன்னால் துணிக்கடைக்காரரைக் கேட்க வேண்டும் என்றேன். கொடுத்த பொருளுக்கு அனுமதி எதற்கு என்று தம்பி கேட்கவில்லை. அவனே எண்ணை அழுத்திக் கொடுத்தான். துணிக்கடைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

“இத்தனை வருஷம் துணியை அளந்துச்சு. இனிமே ஆளை அளக்கட்டும்.”

புதன்கிழமை அறுத்தோம். பலகையை இழைத்ததும் மரம் தேன் நிறத்தில் வந்தது. என் கணவர் ஒரு முனையைப் பிடிக்க, தம்பி தள்ளினான். அகலம் சரியா என்று பார்க்க டேப்பை எடுக்கவில்லை. பத்துக்கட்டையை வைத்துத்தான் பார்த்தார்கள். வியாழக்கிழமை மத்தியானம் நிறுத்தினோம். கீழ் அளவுகோலின் முதல் கோடு தரையில் சரியாக உட்கார்ந்தது. மேல் அளவுகோலில் ஒவ்வொரு பத்துக்கும் முன்னால் தம்பி சின்னதாக ஒரு ‘1’ எழுதினான். அதற்கு அவனுக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். போகப்போகிறவன் இப்படி எழுத மாட்டான் என்று நினைத்தேன். உடனே, போகிறவன்தான் இப்படி எழுதுவான் என்றும் தோன்றியது.

வெள்ளிக்கிழமை ஒன்பதுக்கு மருந்தம்மா வந்தார். நேராக அந்த மூலைக்குப் போனார். பலகையை மேலிருந்து கீழே பார்த்தார். விரலால் தட்டினார். செருப்பைக் கழற்றிவிட்டு அதில் முதுகை ஒட்டி நின்று, தம்பியைப் பார்த்து எவ்வளவு என்று கேட்டார்.

“நூத்தி அம்பத்தி மூணு.”

“கூட்டிச் சொல்றியா, கூட்டாமலா?”

தம்பியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. கூட்டித்தான் என்றான்.

அவர் அதற்குமேல் பலகையைப் பற்றிப் பேசவில்லை. நாங்கள் நினைத்த இடத்தில் அவர் நிற்கவில்லை. ரேக்குக்குப் பக்கவாட்டில் குனிந்து, ரேக்கையும் ரேக்கையும் இணைத்திருந்த ஸ்க்ரூவைப் பார்த்தார். இதில் பசை இல்லையா என்றார். இல்லை என்றார் என் கணவர், குற்றம் ஒப்புக்கொள்கிறவரைப் போல. பிரித்தால் எத்தனை நாளாகும், வேறு இடத்தில் நிறுத்த முடியுமா என்று கேட்டார். அரை நாளில் பிரிக்கலாம், அரை நாளில் நிறுத்தலாம் என்றான் தம்பி. சுவர் நீளம் வேறாக இருந்தால் என்று கேட்டார். கடைசியில் ஒரு பலகை மட்டும் அந்தச் சுவருக்கு அறுக்க வேண்டும் என்றான். இந்த மாதிரி என்று பித்தளையைக் காட்டினான்.

அவர் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தார். மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கட்டடக்காரர்கள் வாடகையை ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு தடவையும் கடையை மாற்றும்போது உள்வேலை முழுவதையும் உடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போகிறார். பத்து வருடத்தில் மூன்று கடையின் மரத்தைக் குப்பையில் போட்டிருக்கிறார். இதை யாருமே சொல்லவில்லையே என்றார்.

எங்களுக்கும் சொல்ல வேண்டும் என்று தெரியாது. கிளாம்ப் வாங்க முடியாமல் போனதை யாராவது பெருமையாகச் சொல்வார்களா?

மூன்று கடையும் உங்களுக்குத்தான் என்றார். எல்லாம் இதே போல, கழற்றி மாட்டுகிற மாதிரி, ஓரத்தில் ஒரு பலகையோடு. பித்தளை இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒரே ஒரு நிபந்தனை.

“அளக்கும்போது நானும் இருப்பேன்.”

பதினொரு மணிக்குத் துணிக்கடைக்காரர் வந்தார். நாங்கள் அழைத்திருந்தோம். இருமல் மருந்து வாங்குவதற்காக வந்தது போலக் காட்டிக்கொண்டார். வாங்கவும் வாங்கினார். பிறகு பலகைக்குப் பக்கத்தில் போய், கவுண்டரில் துணியை இழுத்து விடுகிற அதே பழக்கத்தில், பித்தளையின் மேல் உள்ளங்கையைக் கீழிருந்து மேலே ஓட்டினார். நின்று அளந்து பார்க்கச் சொன்னார். என் கணவர் படித்தார். இளவயதில் இருந்ததைவிட இரண்டு சென்டிமீட்டர் குறைவு.

“துணிதான் தண்ணில போட்டாச் சுருங்கும்னு நினைச்சேன்” என்றார்.

அவருக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மூன்று நாளாக வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். அதற்குப் பதிலாக, உங்கள் பையை இங்கே வைக்கலாம் என்று கவுண்டருக்குக் கீழே நாங்கள் வைத்திருந்த சிறு தட்டைக் காட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பையை வைத்தார். 

சனிக்கிழமை தம்பி கிடங்குக்குப் போன் செய்தான். பட்டறைக்கு வெளியே போய் நின்று பேசினான். திரும்பி வந்து கையுறையை மாட்டினான். என்ன சொன்னாய் என்று யாரும் கேட்கவில்லை. எட்டடிப் பலகையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு என் கணவரைப் பார்த்தான்.

“மாமா, அந்தப் பக்கம் யாரு, நானேவா?”

அடுத்த வாரம் மருந்தம்மாவின் முதல் கடையை அளக்கப் போனோம். நாலு பேர். அவர் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். தம்பி டேப்பின் நுனியை மூலையில் அழுத்தினான். என் கணவர் எதிர் மூலையில் கட்டையை வைத்தார். இந்த முறை அவர் கையில் தாளும் பேனாவும் இருந்தன. இனிமேல் நானே கூட்டி நானே எழுதிவிடுகிறேன், தகராறு இருக்காது என்று வழியிலேயே சொல்லியிருந்தார்.

நான் தாளை வாங்கிக்கொண்டேன்.

கட்டிலில் படுத்திருந்த அந்த மத்தியானம் எனக்கு எது குறைந்தது என்று இப்போது தெரிகிறது. எண்கள் இருந்தன. குரல் இல்லை.

“சொல்லுங்க” என்றேன்.

“முந்நூத்தி எண்பது.”

முந்நூற்றுத் தொண்ணூறு என்று எழுதி, மருந்தம்மாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அடுத்த சுவருக்குப் போனோம்.